கோல் இல்லாத சுரூபம்

என் மகள் விரும்பிய பொடியனின் தகப்பன் எங்கள் பக்கத்து ஊர்க்காரர் என்று தெரிந்த அன்றே எனக்கு இரத்தம் கொதித்துவிட்டது. எங்கள் ஊரில் தச்சரான சூசையப்பருக்குக் கோயில், அவர்கள் ஊரில் யாத்திரிகரான யாகப்பருக்குக் கோயில். நடுவில் ஒரு ஒடுங்கிய ஒழுங்கை மட்டும்தான். பெருநாள் வந்தால் யாருடைய ஒலிபெருக்கி உரத்தது என்பதில் தொடங்கி மண்டை உடைவதில் முடியும். அந்தாளும் சளைத்தவரில்லை. "அந்த ஊரிலயோ பொம்பிளை எடுக்கிறது?" என்று மகனிடம் கேட்டாராம். ஆக, இரண்டு தகப்பன்மாரும் ஓமென்று சம்மதம் சொல்லவில்லை. பிள்ளைகள் இரண்டும் முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு திரிந்தன.

யார் வீட்டுக்கு யார் முதலில் போவது என்பதிலேயே இழுபறி. கடல் கடந்து வந்த இந்த நாட்டில் அவர்கள் இருப்பது யூனியன்வில், நாங்கள் மில்லிக்கன். காரில் ஏறினால் ஒரு கோப்பி ஆறுவதற்குள் போய்விடலாம். கடைசியில் மகள், தான் வேலை செய்யும் டவுன்டவுன் கலைக்கூடத்துக்கு வரச்சொன்னாள்.

"அங்க சத்தம் போட ஏலாது, அப்பா. இண்டைக்கும் சண்டையெண்டா இதோட சரி. நான் இனிக் கேக்கமாட்டன்."

எனக்கும் பாவமாகத்தான் இருந்தது. மனைவியையும் கூட்டிக்கொண்டு போனேன். பொடியன் தகப்பனைக் கூட்டிவந்திருந்தான்.

மகள் எங்களைக் கொண்டுபோய் நிறுத்தியது ஒரு மரச் சுரூபத்தின் முன்னால். மறுமலர்ச்சிக் காலத்தில் ஜெர்மனிப் பக்கத்துக் கோயில் பீடம் ஒன்றுக்காகச் செதுக்கியது. தாடியின் சுருளிலும் அங்கியின் மடிப்பிலும் உளி போன வழி தெரிந்தது. வர்ணம் உதிர்ந்து கழுத்தடியில் மட்டும் கொஞ்சம் சிவப்பு மிச்சம். முதுகைக் குடைந்து எடுத்திருந்தார்கள். பீடத்தில் நிற்பவரின் முதுகை யார் பார்க்கப் போகிறார்கள், குடைந்தால் மரமும் வெடிக்காது என்றாள் மகள். வலது கை எதையோ பொத்திப் பிடித்திருந்தது. நடுவில் துளை. அதில் நின்ற கோல் எப்போதோ தொலைந்துவிட்டது. பலகையில் 'அடையாளம் தெரியாத புனிதர்' என்று போட்டிருந்தார்கள்.

அடையாளம் தெரியாதாம்!

"சூசையப்பர்," என்றேன். "உது லீலிப்பூக் கோல் பிடிச்ச கை."

"யாகப்பர்," என்றார் அவர் அதே மூச்சில். "யாத்திரைத் தடி. முகத்தைப் பாத்தா விளங்கேல்லையோ? நடந்து களைச்ச முகம்."

"ஏன், தச்சுவேலை செய்தவருக்குக் களைக்காதோ?"

மனைவி முழங்கையில் கிள்ளினாள். எனக்கு உறைக்கவில்லை. லீலிக் கோல் தோளில் சாய்ந்து நிற்கும், யாத்திரைத் தடி நிலத்தில் நேராக ஊன்றும். துளையின் சாய்வைப் பார்த்தால் கதை முடிந்தது. அதைக் காட்ட, கையிலிருந்த என் குடையை அந்தக் கைக்கு நேரே நீட்டிச் சாய்த்தேன். அவர் மறுமுனையைப் பிடித்து நிமிர்த்தினார். நான் சாய்த்தேன். அவர் நிமிர்த்தினார். குடை பட்டென்று விரிந்தது. எங்கோ ஒரு மணி வீரிட்டது. காவலாளி ஓடிவந்தார்.

மகள் அவரிடம் மன்னிப்புக் கேட்டு அனுப்பிவிட்டுத் திரும்பினாள். கண் நிறைந்திருந்தது.

"சரி. நாங்கள் சிற்றி ஹோல்ல போய்க் கலியாணத்தை எழுதுறம். உங்கட கோயிலும் வேண்டாம், சாமியும் வேண்டாம்."

"என்ன விசர்க்கதை கதைக்கிறாய்?" என்று கத்தினேன். "கலியாணம் கோயில்லதான் நடக்கும்!"

"பூசையில்லாமல் என்ன கலியாணம்?" அவர் என்னைவிடப் பெரிதாகக் கத்தினார். "அதுவும் பாட்டுப்பூசை வைக்கவேணும்!"

"நல்லாச் சொன்னியள், அண்ணை! சொந்தக்காரர் அத்தனை பேரையும் கூப்பிட்டு!"

அதுவரை வாயே திறக்காத பொடியன் மெல்லக் கையை உயர்த்தினான்.

"வெயிட்... அப்ப ரெண்டு பேரும் ஓமோ, அங்கிள்?"

விரிந்த குடையின் இரண்டு முனைகளையும் நாங்கள் இன்னும் விடவில்லை. நான் அந்தாளைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார்.

"ஓமெண்டுதான் நினைக்கிறன்," என்றார் சம்பந்தி.