தண்ணீர் பார்த்து மணி அடித்தவர்

ஒரு நல்ல மனிதர் பல வருடங்களாக மனதில் வைத்திருந்த ஆசையை, ஒற்றை எண்ணை எழுதிக் கெடுத்தவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொன்னால், அதற்குள் உங்களுக்கு என்மேல் கொஞ்சம் பிரியம் வந்திருக்கும், அப்புறம் மனதை மாற்றிக்கொள்வது உங்களுக்கும் சிரமம். பழவேற்காடு கடைத்தெருவில் அப்போது பெயர்ப்பலகை எழுதும் கடை வைத்திருந்தேன். படகுக்குப் பெயர், டீக்கடைக்கு விலைப்பட்டியல், தேர்தல் வந்தால் எல்லாக் கட்சிக்கும் சுவர் என்று வண்டி ஓடியது. ஊரே என்னை 'ஆர்ட்டிஸ்ட்டு' என்று கூப்பிடும். அந்தப் பெயர் கொடுத்த கொழுப்பில்தான் அந்த மனிதரின் சபைக்கு நீலப் பலகையில் வெள்ளைப் பெயின்ட்டால், ஓரத்தில் இரண்டு புறாக்களும் வைத்து, 'ஞாயிறு ஆராதனை காலை 9 மணி' என்று எழுதினேன். புறாக்கள் கொஞ்சம் கோழி மாதிரி வந்துவிட்டன என்பதைத் தவிர வேலையில் குற்றம் சொல்ல முடியாது. அந்தச் சபையில் ஆராதனைக்குக் கடிகார நேரமே கிடையாது என்பதைத்தான் நான் யோசிக்கவில்லை.

தோணிரேவுக்குச் சற்றுத் தள்ளி, ஏரிக்கரையை ஒட்டி இருந்தது அந்த ஜெபவீடு. தகரக் கூரை, மணல் தரை. அங்கே வருகிறவர்கள் படகும் வலையும் இல்லாதவர்கள். படகுக்காரர்களுக்கு ஏரியில் முறை வைத்து இடம் பிரித்துக் கொடுக்கும் கட்டுப்பாடு உண்டு. இவர்களுக்கு அதில் பங்கு இல்லை. ஆழமில்லாத ஓரத்தில் இறங்கி, முட்டிபோட்டுத் தவழ்ந்தபடி, சேற்றுக்குள் விரல்களை ஓட்டி இறாலையும் நண்டையும் கையாலேயே பிடிப்பார்கள். பிடித்ததைப் போட்டுக்கொள்ள ஓலையில் பின்னிய பறி ஒன்றைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பார்கள். அதனால் ஏரிக்குள் அவர்கள் பேசுவதில்லை. ஐம்பது அறுபது பேர் ஒரே இடத்தில் நாலு மணி நேரம் வாய் திறக்காமல் இருப்பதை நான் வேறெங்கும் பார்த்ததில்லை, எந்தக் கோயிலிலும்கூட. ஒரு தடவை ஆர்வக்கோளாறில் நானும் இறங்கினேன். நான் நண்டைத் தேடுவதற்குள் நண்டு என்னைக் கண்டுபிடித்துவிட்டது. அன்றைக்கு ஏரியில் வாய் திறந்தவன் நான் ஒருவன்தான்.

ஜெபவீட்டை நடத்திய பாஸ்டரும் அப்படித் தவழ்ந்து வளர்ந்தவர்தான். எட்டாவது வரைக்கும் படித்தார். இளவயதில் பொன்னேரிப் பக்கம் ஒரு பெரிய சபையில் ஊழியக்காரராகச் சேர்ந்து, சைக்கிளில் ஏரியோர ஊர்களுக்கெல்லாம் போய்க்கொண்டிருந்தார். ஏரிப் பக்கத்து ஜனங்களுக்கு ஒன்பது மணி ஆராதனை சரிப்பட்டு வராது, தண்ணீருக்குத் தக்கபடி மாற்றிவைக்கலாமா என்று அங்கே ஒரு கூட்டத்தில் கேட்டிருக்கிறார். எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். கெட்ட சிரிப்பு இல்லை என்று அவரே சொல்வார், "நெசமாவே காமெடின்னு நினைச்சிட்டாங்கப்பா." அடுத்த வாரம் சைக்கிளைத் துடைத்து, எண்ணெய் போட்டு, அங்கேயே ஒப்படைத்துவிட்டு நடந்தே ஊருக்கு வந்தார். நாலு குடும்பங்களோடு ஓலைக்கொட்டகையில் தனியாக ஆரம்பித்தார். மேலே கேட்பதற்கு ஆளில்லை, கீழே தாங்குவதற்கும் ஆளில்லை. பிரசவத்துக்கு ஆஸ்பத்திரிக்குக் கூட ஓடுவது, ரேஷன் கார்டுக்கு மனு எழுதுவது, படகுக்காரர்கள் இவர்களைத் துரத்தும்போது நடுவில் போய் நின்று திட்டு வாங்குவது எல்லாம் அவர் ஊழியத்தில் சேர்ந்தவை. வாரத்தில் ஐந்து நாள் அவரும் பறியைக் கடித்துக்கொண்டு தண்ணீரில் இருப்பார்.

அவர் வைத்த முறை இதுதான். ஜெபவீட்டுக்கு எதிரே ஏரியில் ஒரு கழி நட்டிருந்தார். தண்ணீர் வற்றும்போதுதான் கையால் பிடிக்க முடியும். அதை அவர்கள் வத்தம் என்பார்கள். வத்தம் முடிந்து தண்ணீர் திரும்ப ஏறி, கழியில் கட்டியிருக்கும் சிவப்புத் துணியைத் தொட்டதும், மரத்தில் தொங்கும் தண்டவாளத் துண்டை இரும்புக்கம்பியால் அடிப்பார். ஒரு ஞாயிறு காலை ஏழுக்கு அடிப்பார், இன்னொரு ஞாயிறு மதியம் இரண்டாகிவிடும். எல்லோரும் கரையேறி, பறிகளை வாசலில் வரிசையாக வைத்துவிட்டு, சேறும் ஈரமுமாக அப்படியே மணலில் உட்காருவார்கள். பிரசங்கத்துக்கும் ஒரு கணக்கு வைத்திருந்தார். உடம்பில் ஈரத்துணியோடு இருக்கிறவர்களுக்கு நடுக்கம் வருவதற்குள் முடித்துவிட வேண்டும். தமிழ்நாட்டிலேயே சின்னப் பிரசங்கம் அவருடையதாகத்தான் இருக்கும். காய்ந்த வேட்டியோடு பின்னால் உட்கார்ந்திருக்கும் எனக்குத்தான் தூங்க நேரம் போதாது.

அப்படித் தனியாகவே இருந்தவருக்கு ஓர் ஆசை மட்டும் இருந்தது. அவருக்கு முறையான குருப்பட்டமோ திருமணம் நடத்தும் உரிமையோ கிடையாது. அவர் ஜெபித்துத் தாலி எடுத்துக் கொடுத்தாலும் அது பதிவாகாது. சபையில் எந்தக் கல்யாணம் என்றாலும் பொன்னேரியில் வேறொரு சபைக்குப் போய், அங்கே உள்ள போதகர் நடத்த, இவர் ஓரமாக நிற்பார். மற்றவர்கள் கல்யாணத்தில் அதைப் பொறுத்துக்கொண்டார். அவருடைய ஒரே மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது பொறுக்க முடியவில்லை. "என் பொண்ணுக்கு நான் அப்பனா ஓரமா நிக்கறதா, இல்ல நானே நின்னு நடத்தறதா?" என்று என் கடையில் வந்து உட்கார்ந்து கேட்டார். சென்னையில் தனிச் சபைகளெல்லாம் சேர்ந்த ஒரு கூட்டமைப்பு இருந்தது. அவர்கள் வந்து பார்த்துத் திருப்திப்பட்டால் பட்டமும் கொடுத்து, உரிமைக்கும் சிபாரிசு செய்வார்கள். விண்ணப்பம் எழுதும் வேலையை அவர் என்னிடம் கொடுத்தார். ஊரில் கையெழுத்து நன்றாக இருந்தவன் நான். மூளையைப் பற்றி அவர் விசாரிக்கவில்லை.

விண்ணப்பத்தில் 'ஆராதனை நேரம்' என்று ஒரு கட்டம். 'தண்ணீர் ஏறியதும்' என்று எழுதச் சொல்லியிருந்தார். பேனாவை வைத்துக்கொண்டு யோசித்தேன். சென்னையில் படித்தவர்கள் இதைப் படித்தால் என்ன நினைப்பார்கள்? உலகத்தில் எல்லாச் சபையும் ஒன்பது மணிக்குத்தானே? அவருக்கு நல்லது செய்வதாக நினைத்து 9 என்று போட்டேன். போட்டதற்குச் சாட்சியாகப் பலகையும் எழுதி, அவர்கள் பார்க்க வருகிற ஞாயிறு காலையில் மாட்டிக்கொள்ளலாம் என்று கடையில் வைத்தேன். அவரிடம் வாய் திறக்கவில்லை.

சனிக்கிழமை சாயங்காலம்தான் சொன்னேன். அவர் வாசலில் உட்கார்ந்து பறியின் அறுந்த ஓலையைச் செருகிக்கொண்டிருந்தார். மறுநாள் ஒன்பதுக்கு மணி அடித்துவிடுங்கள், ஒரு நாள்தானே என்றேன்.

"ஒம்பதுக்கா? ஒம்பதுக்கு நல்லா வத்திக் கெடக்கும்ப்பா. யாரு சொன்னது ஒம்பதுன்னு?"

"நான்தான் அப்படி எழுதிட்டேன் பாஸ்டர். தண்ணி ஏறினதும்னு எழுதினா நம்மள காட்டான்னு நினைச்சிடுவாங்கன்னு..."

"நம்மளயா? நீ எப்ப எறங்குன தண்ணில? ஒரே நண்டுல ஓடிப்போனவன்தானே நீ."

உள்ளேயிருந்து பாஸ்டரம்மா, "ஆர்ட்டிஸ்ட்டுக்கு ஆண்டவர் நல்ல கையக் குடுத்தாரு, அதோட டயர்டாயிட்டாரு," என்றார். நான் உடனே சென்னைக்குப் போன் செய்தேன். ஒன்பது என்று எழுதியிருந்ததால்தான் பதினொன்றுக்குப் பொன்னேரியில் இன்னொரு சபையைப் பார்க்க ஏற்பாடு செய்திருக்கிறோம், இனி மாற்ற முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

வேறு ஏதாவது ஞாயிறாக இருந்தால் ஜனங்களை மேலே வரச் சொல்வது பெரிய விஷயமில்லை. அந்த வருடம் முகத்துவாரம் மணலால் அடைத்துப்போய், கடல் தண்ணீர் ஏரிக்குள் வராமல், மூன்று வாரமாகச் சேற்றில் ஒன்றும் அகப்படவில்லை. இரண்டு நாள் முன்னால்தான் மணல் உடைந்து முகத்துவாரம் திறந்து இறால் ஏற ஆரம்பித்திருந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை வத்தத்துக்காக எல்லா வீட்டிலும் காத்திருந்தார்கள். ஆனாலும் விஷயம் தெரிந்ததும் சபையில் மூத்த ஒரு அம்மா அவரிடம் வந்து, "நீ அடி பாஸ்டர். பாப்பா கல்யாணத்துக்கு ஒரு வத்தம் போனா போவுது, நாங்க ஏறி வந்துடறோம்," என்றார். அடித்திருந்தால் வந்திருப்பார்கள், ஒருவர் பாக்கியில்லாமல். இத்தனை வருடம் யோசித்ததில் எனக்குப் புரிந்தது, அது தெரிந்ததால்தான் அவரால் அடிக்க முடியவில்லை.

ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது வெள்ளைக் கார் வந்து நின்றது. கூட்டமைப்பின் தலைமைப் போதகரும் உடன் வந்த இருவரும் நான் போட்டுவைத்த பிளாஸ்டிக் நாற்காலிகளில் உட்கார்ந்தார்கள். ஜெபவீட்டில் அவர்களைத் தவிர நானும் பாஸ்டரம்மாவும்தான். நான் என் பங்குக்கு நிறையப் பேர் மாதிரித் தெரிய இடம் மாறி மாறி உட்கார்ந்தேன். பிறகு வெளியே ஓடி, இரும்புக்கம்பியை எடுத்து பாஸ்டர் கையில் திணித்து, "அடிங்க பாஸ்டர்," என்றேன். கம்பியைப் பிடித்தபடி அவர் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். வெயிலில் மினுங்கிக்கொண்டு கறுப்புக் கறுப்பாகத் தலைகள். பறியில் போடக் கைகள் அடிக்கடி வாய்க்குப் போய் வந்துகொண்டிருந்தன, அவ்வளவு இறால். சிலர் முகத்தைத் திருப்பி அவரையே பார்த்தார்கள். கல்யாணச் சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டு வந்திருந்த மனிதர் அவர். கம்பியை ஓங்கவேயில்லை. மரத்தடியில் சாய்த்து வைத்துவிட்டு உள்ளே போய், "ஐயா, ஜனங்க தண்ணில இருக்காங்க. வாங்க, காட்டறேன்," என்றார்.

தலைமைப் போதகர் கெட்டவர் இல்லை. செருப்பைக் கழற்றிவிட்டுக் கரை வரைக்கும் வந்தார். எப்போது ஏறி வருவார்கள் என்று கேட்டார். தண்ணீர் ஏறினால்தான், பதினொன்றாகும் என்றார் பாஸ்டர். "ஒரு நாள் கூப்பிட்டிருக்கக் கூடாதா, பாஸ்டர்? உங்களுக்காகத்தானே வந்தோம்."

"மூணு வாரமா அடுப்பு எரியல ஐயா."

தலைமைப் போதகர் தலையை அசைத்தார். தண்ணீரில் இருந்தவர்களைப் பார்த்துக் கையை உயர்த்திக் கொஞ்ச நேரம் ஜெபித்தார். அப்புறம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். கார் திரும்பிப் போனது. பதினொன்றேகாலுக்குத் தண்ணீர் சிவப்புத் துணியைத் தொட்டது. பாஸ்டர் மணி அடித்தார். அன்றைக்குப் பிரசங்கம் இன்னும் சின்னது. வாசலில் பறிகள் நிறைந்து, ஒன்றிரண்டு இறால் துள்ளி மணலில் விழுந்ததை எல்லோரும் பார்த்துக்கொண்டே கேட்டார்கள்.

பத்து நாளில் கடிதம் வந்தது. ஒழுங்கான ஆராதனை நேரம் அமைந்தபின் மறுபடி விண்ணப்பிக்கலாம் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். அவர் நேரத்தையும் மாற்றவில்லை, விண்ணப்பிக்கவும் இல்லை. அடுத்த மாதமே கல்யாணம், வழக்கம்போலப் பொன்னேரியில். பெண்ணைக் கைபிடித்து அழைத்து வந்து விட்டுவிட்டு முதல் வரிசையில் உட்கார்ந்தார். அந்தச் சபைப் போதகர் உறுதிமொழியை வாசிக்க வாசிக்க, ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு நொடி முன்னால் இவருடைய உதடுகள் அசைந்தன. சத்தம் வரவில்லை. பக்கத்தில் இருந்த எனக்கு அந்த இடத்தில் சும்மா இருக்கத் தெரியவில்லை. "பொண்ணோட அப்பாவுக்கு இன்னிக்கு ரெஸ்ட்டு," என்று காதோரம் சொன்னேன். நான் சொன்ன எத்தனையோ ஜோக்குகளுக்கு மனிதர்கள் சிரிக்காமல் இருந்திருக்கிறார்கள். அதற்கு அவர் சிரிக்காததைத்தான் மறக்க முடியவில்லை.

அதற்கப்புறம் பத்துப் பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது. ஃபிளெக்ஸ் வந்து என் கடையை மூடவைத்தது, புறாக்கள் பிழைத்தன. இந்தக் கதையை டீக்கடைகளில் எத்தனை தடவை சொல்லியிருப்பேன் என்று தெரியாது. சொல்லச் சொல்ல நான் பெரிய கோமாளியாகவும் பாஸ்டர் பெரிய மகானாகவும் ஆகிக்கொண்டே வந்தோம். என் கதையில் அவருக்கு வருத்தமே கிடையாது. கம்பியைச் சாய்த்து வைத்துவிட்டுப் புன்னகைப்பார். கேட்கிறவர்களுக்கு அது பிடித்திருந்தது. எனக்கு அதைவிட வசதியாக இருந்தது. அவர் மகானாகிவிட்டால் நான் கெடுத்தது ஒன்றும் இல்லை என்று ஆகிவிடுமே.

போன மாதம், இதுவரைக்கும் எழுதி முடித்ததும், அவரிடமே படித்துக் காட்டப் போனேன். இப்போது முட்டி தேய்ந்து தண்ணீரில் இறங்குவதில்லை. மற்றபடி சபை அதே இடத்தில், அதே முறையில் நடக்கிறது. மகளும் பிள்ளைகளோடு அடிக்கடி வருகிறாள். நாற்காலியில் கண்ணை மூடிக்கொண்டு முழுவதையும் கேட்டார். காட்டான் என்ற இடத்தில் சிரித்தார். தலைமைப் போதகர் செருப்பைக் கழற்றவில்லை, ஷூ போட்டிருந்தார் என்று திருத்தினார். கல்யாணம் வந்த இடத்தில் கண்ணைத் திறந்தார். இத்தனை வருடத்தில் நான் ஒரு தடவைகூடக் கேட்காததை அப்போது கேட்டேன். பாவமன்னிப்பைப் பற்றி வாழ்நாள் முழுக்கப் பிரசங்கித்தவர், என்ன சொல்வார் என்பது எனக்குத் தெரியும் என்ற தைரியம்தான்.

"பாஸ்டர், என்னை மன்னிச்சிட்டீங்க இல்ல?"

"ஒம்பது மணிய அன்னிக்கே மன்னிச்சிட்டேன் ஆர்ட்டிஸ்ட்டு, கல்யாணத்ததான் இன்னும் முடியல."