கரிசலாங்கண்ணியைக் களை என்றார்கள்

களை என்று பிடுங்கி எறிந்துவிட்டார்களாம்! கொமரலிங்கத்து வாய்க்கால் கரையில், ஈரம் காயாத முப்பதடி நிலத்தில், யாரும் விதைக்காமல் படர்ந்து பூத்துக் கிடந்த மஞ்சள் கரிசலாங்கண்ணியைத்தான் சொல்கிறேன்.

சின்னத்தாய் கோவில்பட்டிப் பக்கமிருந்து பிழைக்க வந்தவள். கரையை ஒட்டிய பனியன் கம்பெனியில் பதினெட்டு வருடமாகச் செக்கிங் வேலை. ஷிப்டு முடிந்ததும் நுனிக் கொழுந்தை மட்டும் கிள்ளுவாள். மண்ணில் வேர்விட்ட கணுவைத் தொட மாட்டாள். மறுபடி தழைக்க வேண்டுமே! அந்தக் கீரை விற்ற காசில்தான் மகள் கல்லூரிக்குப் போகிறாள்.

பனியன் வாங்கும் வெளிநாட்டு பையர் வருகிறார் என்று கம்பெனி கரையை அழகுபடுத்தியது. கரிசலாங்கண்ணியைப் பிடுங்கிய இடத்தில் நட்ட நர்சரிச் செடிக்கும் மஞ்சள் பூதான், ஆனால் இலையில் மூன்று மடல். அது தெரியாத இரண்டு பெண்கள் மடி நிறையப் பறித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஏ, கீழ போடுங்கடி! இது கீரை இல்ல!" சின்னத்தாய் அலறினாள். ஓடிப்போய் மடியிலிருந்ததைத் தட்டிவிட்டாள்.

துணியில் ஓட்டை இருந்தால் செக்கிங்கில் சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். மறுநாள் காலை, கரையிலிருந்த புதுச் செடி ஒவ்வொன்றிலும் சிவப்பு அம்பு!

மேனேஜர் ராஜ்கமல் பதறி ஓடி வந்தார்.

"ஏனுங்கக்கா, பையர் பத்து மணிக்கு வர்றாருங்க. இதென்னங்க கூத்து?"

"ரிஜெக்ட் பீஸ், தம்பி."

"பூ மஞ்சளாத்தானுங்க இருக்குது? வேணும்னா இதையே கிள்ளி வித்துக்குங்க. நாங்க ஒண்ணும் சொல்ல மாட்டமுங்க."

எத்தனை மரியாதை! அந்த மரியாதைக்குள் எத்தனை ஈவிரக்கமின்மை!

"காமாலைக்குன்னு நம்பி வாங்கிட்டுப் போறாகய்யா! அவுக வயித்துல இதைப் போடச் சொல்றீகளா? ஒங்க பிள்ளைக்குக் குடுப்பீகளா?"

ராஜ்கமல் குரலைத் தாழ்த்தினார். "வேலைய நெனச்சுப் பாருங்கக்கா."

பதினெட்டு வருட உழைப்புக்கு இதுதான் பதிலா? அவள் நேராக ஜெனரேட்டர் ஷெட்டுக்குப் பின்னால் போனாள். அங்கே பிடுங்கிய செடிகளைக் குவித்திருந்தார்கள். மேலே இருந்தவை சருகாகிவிட்டன. அடியில் சில கொடிகளின் வேரில் இன்னும் ஈரம் இருந்தது. பெற்ற பிள்ளையைத் தூக்குவதுபோல் அள்ளி வந்தாள். சேற்றில் இறங்கி, அம்பு ஒட்டிய செடிகளைப் பிடுங்கிப் பிடுங்கி, அந்த இடத்தில் பழைய கொடியின் கணுக்களை ஊன்றினாள்.

வாசலில் கார் ஹாரன் கேட்டது.

"அக்கா, மேல வந்துருங்க! உங்க கால்ல விழறேனுங்க!"

"விழுறதுன்னா சேத்துல வந்து விழுங்க தம்பி. அப்படியே ரெண்டு கணுவ ஊண்டிட்டு எந்திரிங்க."