சாலைமேட்டுத் தூது

கண்டமங்கலம் தாண்டி பேருந்தில் "சாலைமேடு ஒன்று" என்று டிக்கெட் கேட்டால், இப்போது சில நடத்துநர்கள் "காந்திமதி ஊரா?" என்கிறார்கள். நான்கு வருடங்களுக்கு முன்னால் அந்தப் பெயரைச் சொல்லவே எங்கள் ஊரில் பாதிப்பேர் தயங்கினார்கள்.

காந்திமதி பிறந்தது திண்டிவனத்துக்குப் பக்கத்தில் பெருமுக்கல். திண்டிவனத்தில் கல்லூரியில் படித்தபோது, காலைப் பேருந்து ஊரில் நிற்காமல் போனதற்காகத் தோழிகளைச் சேர்த்துக்கொண்டு சாலையில் உட்கார்ந்தவர். மறுநாளிலிருந்து பேருந்து நின்றது. கல்யாணமாகி சாலைமேட்டுக்கு வந்தார். கணவர் பச்சைமுத்து சொந்த நிலத்தில் மல்லாட்டை என்று நாங்கள் சொல்லும் வேர்க்கடலையும் நெல்லும் வைப்பவர். அதிகம் பேசாத மனிதர். காந்திமதி சோப்பு கம்பெனி ஒன்றில் பேக்கிங் வேலைக்குப் போனார். கம்பெனி வேன் எங்கள் ஊரில் அவரை ஏற்றிக்கொண்டு, அடுத்து மடுவுக்கரையில் நிற்கும்.

மடுவுக்கரை பக்கத்து ஊர்தான். எங்கள் கடைசி வயலின் வரப்பில் நின்று கூப்பிட்டால் அங்கே காது கேட்கும். ஆனால் நாங்கள் விழுப்புரம் மாவட்டம், அவர்கள் புதுச்சேரி. வரப்புக்கு இந்தப் பக்கம் ஓர் அரசாங்கம், அந்தப் பக்கம் வேறு அரசாங்கம். கல்யாணம், கருமாதி எல்லாம் கலந்துதான் நடக்கும். தகராறு என்று வந்தால் மட்டும் இரண்டு நாடு போலாகிவிடும்.

2021இல் பஞ்சாயத்துத் தேர்தல் வந்தது. எங்கள் ஊரில் அதுவரை தலைவர் பதவிக்கு யாரும் ஓட்டுப் போட்டதில்லை. மாரியம்மன் கோயில் வாசலில் ஏலம் விடுவார்கள். கோயில் திருப்பணிக்கு அதிகம் தருகிறவர் போட்டியில்லாமல் தலைவர். அந்த முறை பதவி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. பெரிய விவசாயியான துரைக்கண்ணு தன் மனைவி பெயரில் ஏலம் எடுத்தார். எல்லாம் முடிந்து கற்பூரம் ஏற்றப்போகும் நேரத்தில், பெண்கள் நின்றிருந்த ஓரத்திலிருந்து காந்திமதி முன்னால் வந்தார். துரைக்கண்ணு அவருக்கு மாமா முறை.

"மாமா, கோயிலுக்கு நீங்க தர்றதைத் தாராளமா தாங்க. எங்க ஓட்ட மட்டும் ஏலம் வுடாதீங்க. அது எங்களுது."

ஊர் ஒற்றுமையாக இருப்பது பிடிக்கவில்லையா என்று துரைக்கண்ணு கேட்டார். நேற்று வந்த மருமகள் பேச வந்துவிட்டாள் என்று யாரோ சொன்னார்கள். காந்திமதி வீட்டுக்குப் போனார். மனுத்தாக்கலுக்குக் கடைசி நாளன்று வேலைக்கு லீவு போட்டுவிட்டு, கண்டமங்கலம் ஒன்றிய அலுவலகத்துக்குப் போய்த் தலைவர் பதவிக்கு மனுக் கொடுத்தார். முன்மொழிய ஊரில் ஒருவர் வேண்டும். படித்தவர்கள் எல்லாரும் நழுவிவிட்டார்கள். களைவெட்டும் கெங்கம்மாள்தான் கூடப்போய்க் கையெழுத்துப் போட்டார்.

அன்று முதல் ஊர்க்கட்டுப்பாடு. கடையில் அவர் வீட்டுக்குச் சாமான் கொடுக்கவில்லை. விசேஷங்களுக்கு அழைப்பில்லை. மல்லாட்டை பிடுங்கும் சமயம். ஒரு ஆள்கூட அவர்கள் நிலத்துக்கு வரவில்லை. மழைக்காலம் வேறு. இன்னும் ஒரு வாரம் விட்டால் காய் மண்ணுக்குள்ளேயே முளைத்துவிடும். பச்சைமுத்துவும் அவரும் தனியாகப் பிடுங்கிக்கொண்டிருந்த ஞாயிற்றுக்கிழமை காலையில், வரப்பு தாண்டி மடுவுக்கரைப் பெண்கள் வந்து இறங்கினார்கள். எல்லாரும் அவரோடு கம்பெனி வேனில் போகிறவர்கள். மாலைக்குள் கொல்லை முழுவதையும் பிடுங்கிப் போட்டுவிட்டு, கேப்பைக் கூழ் குடித்துவிட்டுப் போனார்கள். எங்கள் ஊர் அதை வேடிக்கை பார்த்தது.

மனுவைத் திரும்பப் பெறச் சொல்லி வந்தவர்களிடம் பச்சைமுத்து ஒரே ஒரு தடவை வாய் திறந்தார். "அவ நிக்கிறா. நீங்க போங்க." அவ்வளவுதான்.

தேர்தல் நடந்தது. எங்கள் ஊர்ப் பெண்கள் வாழ்க்கையில் முதல்முறையாகத் தலைவருக்கான இளஞ்சிவப்புச் சீட்டைக் கையில் வாங்கினார்கள். காந்திமதி தோற்றார். கொஞ்சம் வித்தியாசத்தில்தான். ஆனால் கட்டுப்பாடு போட்ட ஊரில் இத்தனை பேர் தனக்குக் குத்தியிருக்கிறார்களே என்று அன்று அவர் கண் கலங்கியதை கெங்கம்மாள் இன்னமும் சொல்வார். இனிமேல் யாரை யார் விலக்கிவைப்பது? கட்டுப்பாடு தானாகவே உதிர்ந்துபோனது. அதன்பிறகு கிராமசபை தவறாமல் கூடியது. காந்திமதி ஒவ்வொன்றுக்கும் போய் உட்கார்ந்தார். அவர் போனதால் மற்றப் பெண்களும் போனார்கள்.

2024 புயலில் எங்கள் பக்கம் முழுக்க வெள்ளம். அடுத்த வருடம் நல்ல மழை பெய்தும் எங்கள் ஏரிக்குத் தண்ணீர் வரவில்லை. போய்ப் பார்த்தால், ஏரிக்கு வரும் வாய்க்காலை மடுவுக்கரைக்காரர்கள் தங்கள் எல்லைக்குள் மண் கொட்டி அடைத்திருந்தார்கள். உடைக்கப்போன எங்கள் இளைஞர்களுக்கும் அவர்களுக்கும் அடிதடி. இரண்டு பக்கமும் மண்டை உடைந்தது. இரண்டு மாநிலக் காவல் நிலையத்திலும் வழக்கு. எங்கள் அதிகாரிகள், அது புதுச்சேரி நிலம், கைவைக்க முடியாது என்றார்கள். அங்கே கேட்டால், உங்கள் ஆட்சியர் எழுதட்டும் என்றார்கள். கைதாகிவிடுவோமென்று ஆண்கள் எல்லை தாண்டவே பயந்தார்கள். நாற்றங்கால் காயத் தொடங்கியது.

அப்போதுதான் துரைக்கண்ணு ஒரு சாயங்காலம் காந்திமதி வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்றார். காந்திமதி நாற்காலி எடுத்துப் போட்டார்.

"நீ போய்ப் பேசும்மா. நாங்க போனா சண்டதான் வரும். அந்த ஊரு உன்ன மதிக்கும்."

போகிறேன், ஆனால் உங்கள் ஆளாக இல்லை, ஊர் ஆளாகப் போகிறேன் என்றார் காந்திமதி. கிராமசபையைக் கூட்டிக் கேட்டார்கள். ஆணும் பெண்ணுமாகக் கை தூக்கி அவரை அனுப்பினார்கள். துரைக்கண்ணுவின் மனைவியான தலைவர்தான் முதலில் கை தூக்கினார்.

மடுவுக்கரையில் ஏரிச் சங்கத் தலைவர் சீனுவாசன் கோபத்தில் இருந்தார். காந்திமதி தண்ணீர் கேட்கவில்லை. "இன்னா நடந்துச்சுன்னு சொல்லுங்கண்ணா, கேட்டுக்கினு போறேன்" என்றார். சீனுவாசன் அவரை வயலுக்குக் கூட்டிப்போனார். அங்கே நிலத்தின்மேல் மணல் மேவிக் கிடந்தது. நடந்ததை அங்கே வைத்துத்தான் சொன்னார்: புயல் இரவில் சாலைமேட்டு ஆட்கள் எல்லையில் மணல் மூட்டை அடுக்கி வாய்க்காலை மறித்தார்கள். எங்கள் ஊர் தப்பித்தது, வெள்ளம் எதிர்த்து ஏறி அவர்கள் பயிரை மூடிவிட்டது. அந்த நிலத்துக்காரப் பெண்களில் இரண்டு பேர் அன்று மல்லாட்டை பிடுங்க வந்தவர்கள். ஒரு வருடமாக வேனில் பக்கத்திலேயே உட்கார்ந்து வந்தும் அவர்கள் இதை அவரிடம் சொன்னதில்லை. காந்திமதிக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

திரும்பி வந்து எங்கள் ஊரைக் கூட்டினார். நல்ல சேதி என்று நினைத்துத்தான் எல்லாரும் வந்தோம்.

"அவங்க அடச்சது தப்புதான். அதுக்கு முன்னால நாம அடச்சோமா இல்லியா? அத்த மொதல்ல சொல்லுங்க."

கூட்டத்தில் இரைச்சல். யாருக்காகப் பேசுகிறாய், அங்கேயே குடிபோய்விடு என்று சில இளைஞர்கள் எகிறினார்கள். காந்திமதி உட்காரவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. கடைசியில் துரைக்கண்ணு எழுந்தார்.

"மூட்ட அடுக்கச் சொன்னது நான்தான். ஊரு முழுகிடும்னு பயந்துகினு பண்ணேன்."

இதை அங்கே வந்து சொல்ல முடியுமா என்று காந்திமதி கேட்டார். முடியும் என்றார் அவர். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எல்லையில் இருந்த புளியமரத்தடியில் இரண்டு ஊரும் உட்கார்ந்தன. துரைக்கண்ணு சொன்ன ஒரு வார்த்தையில் சீனுவாசன் இறங்கிவந்தார். மற்றதெல்லாம் காந்திமதி அங்கும் இங்குமாகப் பலமுறை நடந்து முடித்தது. வாய்க்காலை இனி எந்த ஊரும் தனியாக அடைக்கக்கூடாது. வெள்ளக்காலத்தில் இரண்டு ஊர் ஆட்களும் சேர்ந்துதான் ஏரி மதகைத் திறக்க வேண்டும். மணல் மூடிய நிலத்தை எங்கள் ஊர் டிராக்டர்கள் சீர்செய்து தரவேண்டும். வழக்குகளைச் சமரசமாக முடித்துக்கொள்ள வேண்டும். இரண்டு மாநில அதிகாரிகளும் ஒரே மேசையில் உட்கார்ந்து அந்த ஒப்பந்தத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்கள். சாலைமேடு சார்பில் யார் என்று கேட்டபோது, துரைக்கண்ணு பேனாவை வாங்கிக் காந்திமதியிடம் நீட்டினார்.

ஏரிக்குத் தண்ணீர் வந்த அன்று கரையில் பட்டாசு வெடித்தார்கள். காந்திமதி அன்றும் வேலைக்குப் போய்விட்டார். கம்பெனியில் ஏற்கனவே நிறைய லீவு போட்டிருந்தார்.

தை மாதம் இன்னொரு எல்லையோர ஊரிலிருந்து சிலர் ஆட்டோவில் அவரைத் தேடி வந்தார்கள். சுடுகாட்டுப் பாதைத் தகராறு. பாதை பாதி அந்த மாநிலம், பாதி இந்த மாநிலம். தங்களுக்காக வந்து பேசவேண்டும் என்றார்கள். காந்திமதி டீ கொடுத்துவிட்டு, "உங்களுக்காகன்னா வரமாட்டேங்க. அவங்களும் கூப்பிட்டா வர்றேன்" என்று சொல்லி அனுப்பினார்.

அடுத்த வாரம் எதிர்ப்பக்கத்துக்காரர்களும் வந்தார்கள்.