கல்யாண மாலையும் என் காடி ஏர்கோனும்

எண்பதுகளில் சிம்பாங் பூலாய் பக்கம் எங்கள் எஸ்டேட் தோட்டத்தில் குளுகுளு ஏர்கோன் வைத்த காடி என்னுடையது ஒன்றுதான். பழைய கார்தான், ஆனாலும் கல்யாணம் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள்.

நண்பன் முனியாண்டிக்கு லகாட் ஊரில் கல்யாணம். பெண் வீட்டார் ஆசையாக, காடியின் முன்பக்கக் கம்பி வலையே தெரியாமல் தடித்த மல்லிகை மாலையைச் சுற்றிச் சுற்றிக் கட்டிவிட்டார்கள். மணமக்களை ஏற்றிக்கொண்டு தோட்டத்துக்குக் கிளம்பினேன்.

பாதி வழியில் ஏர்கோனிலிருந்து அனல் அடித்தது.

“நேத்துதான் கேஸ் ஏத்துனேன்லா! வொர்க்‌ஷாப்காரன் ஏமாத்திட்டான்!” என்று கத்தினேன். பார்த்தால், என்ஜின் சூட்டைக் காட்டும் முள்ளும் ஏறிக்கொண்டிருந்தது. பதறிப்போய் ஓரங்கட்டினேன்.

புதுப்பெண் இறங்கி முன்னால் போய்ப் பார்த்தாள். “அண்ணே, பூவெல்லாம் வெந்து கெடக்கு. இப்படி அடைச்சிருந்தா காத்து எப்படி உள்ள போகும்?”

மாலையைக் கழற்றினோம். தூக்கிப்போட மனசில்லாமல் அவள் மடியில் வைத்துக்கொண்டாள். என்ஜின் ஆறியதும் கிளம்பினோம். கொஞ்ச தூரத்தில் சில்லென்று காற்று வந்தது. காடி முழுக்க மல்லிகை வாசம்.

இன்றும் கல்யாணக் காடிக்கு மாலையை பானெட் மேல்தான் கட்டவிடுவேன். ஒரு முழம் மல்லிகையை மட்டும் உள்ளே, ஏர்கோன் பக்கத்தில் மாட்டுவேன். மணமக்களுக்கு என்று சொல்லிக்கொள்வேன். எனக்குத்தான்.