பதினேழு ஆல்பங்களில் மதலேனாள்

மாப்பிள்ளைக்கும் எம்.எல்.ஏ.வுக்கும் நடுவில் போய் நின்றுகொள்வார் மதலேனாள். போட்டோகிராபர் கேமராவைக் கண்ணில் வைத்ததும் தொடங்குவார். "அண்ணே, சிரிச்சுக்கிட்டே கேளுங்க. மாசத்துக்கு நாலு நாளு. ட்ரெய்னிங் எடுத்த ஆளு ஒருத்தரு வீட்டுக்கு வந்து நோயாளியப் பாத்துக்கிரணும். அதுக்கு ஒரு சட்டம். அம்புட்டுத்தேன்." மாலையும் கழுத்துமாக நிற்கிற எம்.எல்.ஏ. மேடையை விட்டு ஓடவா முடியும்?

அலுவலகத்துக்குப் போனால் ஐயா சென்னைக்குப் போயிருப்பார்; வீட்டுக்குப் போனால் குளித்துக்கொண்டிருப்பார். போட்டோவுக்கு மட்டும்தான் அரை நிமிடம் அசையாமல் நிற்கிறார் என்று மதலேனாள் கண்டுபிடித்தது, மூன்று வருடத்துக்கு முன்னால் கூடலூரில் ஒரு காதுகுத்தில். சின்னமனூரிலிருந்து கூடலூர் வரை இன்றைக்குப் பதினேழு குடும்பங்களின் ஆல்பத்தில் எம்.எல்.ஏ. சிரிக்கிறார், மாப்பிள்ளை முழிக்கிறார், மதலேனாள் வாயைத் திறந்தபடி இருக்கிறார். பத்திரிகை வைத்தார்களா என்ற கவலையெல்லாம் அவருக்குக் கிடையாது. "மாப்ள வீட்டுக்காரவுக என்னையப் பொண்ணு வீடுன்னு நெனப்பாக. பொண்ணு வீட்டுக்காரவுக மாப்ள வீடுன்னு நெனப்பாக. ரெண்டு பக்கமும் நல்லாத்தேன் சாப்பிடச் சொல்லுவாக."

சாப்பிட நேரம் ஏது? கணவர் ஆரோக்கியசெல்வம் ராணுவத்தில் ஹவில்தாராக இருந்தவர். ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய் கை, கால், நாக்கு என்று ஒவ்வொன்றாகப் பிடுங்கிக்கொண்டது. அறிவையும் கண்ணையும் விட்டுவைத்தது; குசும்பையும்தான். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை அவரைப் புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். சளி கட்டினால் மெஷின் வைத்து உறிஞ்ச வேண்டும். ஆறு வருடமாக மதலேனாள் முழுத் தூக்கம் கண்டதில்லை. பக்கத்து வீட்டு நர்ஸ் மெர்லின் வந்து உட்காருகிற ஒன்றரை மணி நேரம்தான் அவருக்குக் கல்யாணம், காதுகுத்து எல்லாம்.

எம்.எல்.ஏ.வுக்கு எழுதும் மனுவைச் சொல்லிக்கொடுப்பவர் ஆரோக்கியசெல்வம். எழுத்து அட்டையில் மதலேனாள் விரலை நகர்த்திக்கொண்டே போக, வேண்டிய எழுத்து வந்ததும் கண்ணைச் சிமிட்டுவார். "பணிவுடன்" என்ற சொல்லை மட்டும் வெட்டவைத்துவிடுவார். "பட்டாளத்துக்காரவுக பணிய மாட்டாகளாம். மேடையேறிக் கெஞ்சுறவ நாந்தேன்" என்று அந்த அட்டையாலேயே புருஷன் நெற்றியில் ஒரு தட்டு விழும்.

ஒருநாள் சளைத்துப்போய், இனி மேடையேறப் போவதில்லை என்று அழுதாராம். மறுநாளே மெர்லினை லீவு போடவைத்து மயிலாடும்பாறைக்குப் பஸ் ஏறினார். எல்லையில் முதுகெலும்பு அடிபட்டுப் படுத்துவிட்ட மகனை அங்கே ஒரு தாய் தனியாகப் பார்த்துக்கொள்கிறார். "எனக்காச்சும் மெர்லின் இருக்கா. அந்த ஆத்தாவுக்கு யாரு இருக்கா?" என்கிறார் மதலேனாள். அடுத்த முகூர்த்தத்தில் மறுபடி மேடை.

போட்டோகிராபர் சுருளியாண்டி மதலேனாள் கட்சி. "சட்டுன்னு எடுப்பா" என்று எம்.எல்.ஏ. பல்லைக் கடித்தால், "லைட்டு சரியில்லண்ணே, ஒரு நிமிசம்" என்று குனிந்து எதையோ திருகுவார். விளக்கெல்லாம் நன்றாகத்தான் எரியும்.

போன மாதம் மார்க்கையன்கோட்டைக் கல்யாணத்தில் மதலேனாள் வாயைத் திறப்பதற்குள் எம்.எல்.ஏ. முந்திக்கொண்டார். "தங்கச்சி, வெள்ளிக்கிழமை சட்டசபைல கேக்குறேன். இன்னைக்காச்சும் என்னைய நிம்மதியாச் சாப்பிட விடு."

வியாழன் இரவு ஆரோக்கியசெல்வத்துக்குச் சளி மிஞ்சிப்போய், மதலேனாள் பொட்டுக் கண் மூடவில்லை. காலையில் மெர்லினும் வந்துவிட, கட்டிலில் தலையணைமீது போனைச் சாய்த்துவைத்துச் சட்டசபைக் கேள்வி நேரம் பார்த்தார்கள். சொன்னபடி எம்.எல்.ஏ. எழுந்தார். "மாதத்துக்கு நான்கு நாட்கள்" என்றார். பழக்க தோஷம், சிரித்துக்கொண்டே கேட்டார். மெர்லின் கைதட்டினாள். பதில் சொல்ல அமைச்சர் எழுந்து, இது வேண்டிய சட்டம்தான், முதலில் தேனி மாவட்டத்திலேயே தொடங்கிப் பார்க்கலாம் என்றார். சபையில் மேசைகளைத் தட்டினார்கள்.

"அக்கா, கேட்டீகளா?" என்று மெர்லின் திரும்பினாள். தரையில் உட்கார்ந்து கட்டில் விளிம்பில் தலையைச் சாய்த்திருந்த மதலேனாள் லேசான குறட்டையோடு தூங்கிக்கொண்டிருந்தார். தோளைத் தொட்டு எழுப்பப் போனவள் ஆரோக்கியசெல்வத்தின் முகத்தைப் பார்த்துவிட்டு நின்றாள். அவர் கண்கள் மனைவியைப் பார்த்தன, போனைப் பார்த்தன, பிறகு மெர்லினையே உறுத்துப் பார்த்தன.

மெர்லின் கையை நீட்டி போனின் சத்தத்தைக் குறைத்தாள்.