கையால் மட்டும் பேசிய நடுவர்

இல்ஃபோர்ட் பூங்காவொன்றில் என் மருமகன் பேஸ்போல் ஆடியபோது அவரைக் கண்டேன். முகக்கூட்டின் கம்பிகளுக்குள் திருநீறு துலங்க நின்ற தலைமை நடுவர் அவர். எதிரே நின்ற துணை நடுவர் அவருடைய மைத்துனர். கோயில் நிர்வாகசபைத் தேர்தலுக்குப் பின் இருவரும் பேசுவதில்லை. இறைத்தொண்டில் அத்தனை ஆர்வம். ஆயினும் தொப்பியைத் தொட்டும் மணிக்கட்டைத் தட்டியும் ஆட்டம் முழுவதும் பிழையின்றிச் சேதி பரிமாறினார்கள். சின்முத்திரைக்கும் இத்தனை தெளிவு இல்லை.

கடைசிப் பந்துக்கு எதிரணி ஆட்டக்காரன் மட்டையை வீசித் தவறவிட்டானா, பாதியில் நிறுத்தினானா என்பதில் வெற்றியே தங்கியிருந்தது; வீசியிருந்தால் அவன் ஆட்டமிழப்பான். தலைமை நடுவர் அதைச் சரியாகக் காணவில்லை. அவர் கேளாமல் மைத்துனர் சொல்லக்கூடாது என்பது விதி.

"அண்ணை, அவரைக் கேளுங்கோவன்!" என்று மருமகன் கத்தினார்.

எல்லோரும் பார்த்திருக்க, அவர் மைத்துனரை நோக்கிக் கையை நீட்டினார். மைத்துனர் விரல்களை மடக்கிக் கையை உயர்த்தினார்: வீசினான். மருமகன் அணி வென்றது.

"தம்பி, இனியாவது அவரோடை கதைக்கலாமே?" என்றேன் தலைமை நடுவரிடம்.

"ஏலாது ஐயா. இது விளையாட்டு, பிழை விடக்கூடாது. கோயில் விசயத்திலை நான் ஒருத்தரையும் கேக்கிறேல்லை."

தமக்குத் தெரியவில்லை என்று ஊரறியக் கைநீட்டிய அவரை நகைப்பதா வணங்குவதா என்று இன்றும் எனக்கு விளங்கவில்லை.