சூசை கோல் அடிச்ச வருஷம்

கம்பு பந்துல படும்போது "டொக்"குன்னு ஒரு சத்தம்... காய்ஞ்ச தேங்காயைக் கல்லுல அடிச்ச மாதிரி. சூசை அடிச்சா மட்டும்தான் அந்தச் சத்தம் வரும். நாங்க அடிச்சா சும்மா "தட்"டுன்னு கேக்கும், அவ்வளவுதான்.

எனக்கு வயசு நூறைத் தொடப் போவுது, எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல பேரனுக்க மவ டைப் பண்ணுகா. தப்பு இருந்தா அவளை ஏசாதீங்க.

அது மகாராஜா காலம். சுதந்திரத்துக்கு ஒரு பத்து வருஷம் முந்தி இருக்கும். நாகர்கோவில்ல அப்போ ஹாக்கின்னா ஊரே கிரவுண்டுல நிக்கும். எங்க டீமுக்கு டிரில் மாஸ்டர் ஞானாபரணம்தான் எல்லாம். நான் பஸ் ஷெட்டுல வண்டி கழுவுற வேலை, டீமுல பேக், பின்னால நின்னு கோலைத் தடுக்கிறவன்.

சூசை கடியப்பட்டணத்துக்காரன். விடியுமுன்ன கடலுக்குப் போய்ட்டு, சனிக்கிழமை மத்தியானம் கிடைச்ச வண்டியில தொத்திக்கிட்டு வந்து இறங்குவான். உடம்புல உப்பு பூத்திருக்கும். துடுப்பும் வலைக்கயிறும் பிடிச்சு உள்ளங்கை ரெண்டும் ஆமை ஓடு கணக்கா காய்ச்சுப்போய் இருக்கும்.

அந்த வருஷ லீக்குல அவன் கோல் அடிக்காத மேட்சே கிடையாது.

எஸ்டேட் டீமுல ஒரு வெள்ளைக்காரத் தொரை அவன் காலுல கம்பைக் குடுத்து விழத்தட்டினான். சூசை எழும்பி, மண்ணைத் தட்டி, சிரிச்சுக்கிட்டே போய் கோல் போட்டான். தொரையே கைதட்டினான்... திருவனந்தபுரத்துக்காரங்களைக் கொட்டுற மழையில ஒத்தைக்கு நின்னு தோக்கடிச்சான். ஃபைனலுக்கும் அவங்கதான் வந்தாங்க.

லீக் முடிஞ்ச அன்னைக்கு எங்க பஸ் முதலாளி கிரவுண்டுக்கே வந்து, எல்லாரும் கேக்குற மாதிரி சொன்னாரு.

"லே சூசை, அந்தக் கப்பை எடுத்துத் தா. நம்ம வண்டியில உனக்கு வேலை. இனி நீ கடலுக்குப் போகாண்டாம்."

அன்னைக்கு சூசை என்கிட்ட சொன்னது இதுதான்.

"அப்பனைக் கடல் கொண்டுபோனதுல இருந்து அம்மை கடக்கரையிலதான் மக்கா நிக்கா. நான் கரையேறுன பொறவுதான் வீட்டுக்குப் போவா."

ஃபைனலுக்கு ரெண்டு வாரம் இருந்தது. மாஸ்டர் அவனைக் கூட்டிட்டு வந்து தன் வீட்டுலயே வச்சுக்கிட்டாரு. கடல் கிடையாது, வலை கிடையாது. ஊர்க்காரங்க முட்டை கொண்டு வந்தாங்க, அண்டிப்பருப்பு, அதான் முந்திரி, கொண்டு வந்தாங்க. கோட்டாத்துல இருந்து ஒரு சாயிபு தினமும் ஆட்டுக்கால் சூப்பு குடுத்துவிட்டாரு.

பிறகு ஆசான் வந்தாரு. அடிமுறைச் சண்டை கத்துக்குடுக்கிறவரு, உடம்பு உழியுறதுல கெட்டிக்காரரு. எங்க பக்கம் உழிச்சில்னா சும்மா இல்ல. எண்ணெ தேச்சு, கயிறைப் பிடிச்சுத் தொங்கிக்கிட்டு காலாலயே உடம்பு முழுக்க உழிவாங்க. எத்தனை நாள் உழிஞ்சமோ அத்தனை நாள் சும்மா கிடக்கணும், ஓடக் கூடாது, கனம் தூக்கக் கூடாது. சின்னப் பிள்ளைக்கும் தெரியும் இது.

ஆனா நாள் எங்க இருக்கு? உழிச்சில் முடிஞ்ச மறுநாளே ஃபைனல்.

"கடல்ல கிடந்த உடம்புல்லா, தாங்கும்"னாரு ஆசான். அவருக்கும் கப்பு மேல ஆசை.

மேட்சுக்கு முந்தின நாள் பாக்கப் போனேன். ஆளு மினுமினுன்னு மாப்பிள்ளை மாதிரி இருந்தான்.

"இது எனக்க ஒடம்பு மாதிரியே இல்ல மக்கா"ன்னான்.

"மாஸ்டர்ட்ட சொல்லுலே."

"எப்பிடிச் சொல்ல? இத்தனை பேரு ஆசையா செய்யுகாவ..."

ஃபைனலுக்கு அவன் அம்மையும் வந்திருந்தா. மவன் விளையாடி அவ பாக்குறது அதுதான் முதல் தடவை. கிரவுண்டைச் சுத்திக் கட்டின கயித்துக்கு அந்தப் பக்கம், முக்காட்டைப் பிடிச்சுக்கிட்டு நின்னா.

சூசை ஓடுறான்... பந்து அவனுக்கு முன்னால ஓடுது. நிக்குறான்... காலு நிக்க மாட்டேங்குது. திருவனந்தபுரத்துக்காரங்க ஒரு கோல் போட்டாச்சு. முடியப் போற நேரத்துல நான் பின்னால இருந்து நீட்டி ஒரு அடி அடிச்சேன். நேரா அவன்கிட்ட போச்சு. கோல்கீப்பர் வழுக்கி மல்லாந்து கிடக்கான். முன்னால வெறும் போஸ்ட்டு. சூசை கம்பை ஓங்கினான்.

எண்ணெயில ஊறி கையில இருந்த காய்ப்பெல்லாம் இளகிப் போயிருந்தது. கம்பு கைக்குள்ளயே திரும்பிட்டு. பந்து போஸ்ட்டுக்கு வெளிய போச்சு.

விசில்.

"ஏலே, தின்ன முட்டையை எல்லாம் கக்குலே!"

"கம்பு உனக்கு எதுக்கு? போய் வலையைப் பிடி!"

போன மாசம் அவனைத் தோளுல தூக்கினவங்கதான். மாஸ்டர் தலையைக் குனிஞ்சுக்கிட்டு போனாரு. முதலாளி காரு முன்னமே போயாச்சு. அம்மைக்காரி கயித்துக்குள்ள நுழைஞ்சு வந்து அவன் கையைப் பிடிச்சா. "வா மக்களே, நாம போவோம்."

திங்கக்கிழமை சூசை பஸ் ஷெட்டுக்கு வந்தான். "முதலாளி ஊருல இல்ல"ன்னு கணக்குப்பிள்ளை சொன்னாரு. முதலாளி காரை நான் அங்கதான் கழுவிக்கிட்டு நிக்கேன். சூசை காரைப் பாத்தான், என்னைப் பாத்தான். "வாறேன் மக்கா"ன்னு சிரிச்சுட்டுப் போனான்.

பிறகு கம்பைத் தொடல்ல. வயசாகுற வரைக்கும் கடல்தான். அந்த அம்மையும் சாகுற வரைக்கும் கடக்கரையிலதான் நின்னா.

அவன் அடக்கத்துக்குப் போயிருந்தேன். பக்கத்துல நின்ன ஒருத்தர் தன் மவன்கிட்ட சொல்லுகாரு, "இவருதான் ஃபைனல்ல கோலைக் கோட்டைவிட்டவரு." சொன்ன ஆளு அந்த மேட்சு நடக்கும்போது பிறக்கவே இல்ல.

இப்போ வீட்டுல பிள்ளைங்க போன்ல கிரிக்கெட் பாக்குதுங்க. சீசன் முழுக்க அடிச்சவன் ஃபைனல்ல அவுட்டானா வாய்க்கு வந்தபடி ஏசுதுங்க. ஏசிட்டு, மறுநாள் அதே ஆளு அடிச்ச பழைய சிக்ஸரைப் போட்டுப் பாத்து கைதட்டுதுங்க. அவனுக்கு எல்லாம் படமா இருக்கு.

சூசைக்கு ஒரு போட்டோ கூடக் கிடையாது. அவன் விளையாடிப் பாத்தவங்கள்ல நான் ஒருத்தன்தான் பாக்கி.

அந்த வருஷம் அவன் நிறைய கோல் அடிச்சான் மக்கா... நான் பாத்தேன்.